பன்னிரு நாள் விழாவும் பறிபோகும் செவியும்

பல நாள் தொடர்ந்து நடக்கும் விழாவும் அதில் முழங்கும் இசையும் தமிழர்க்குப் புதியன அல்ல. புகாரில் இந்திர விழா 28 நாள் நடந்ததை மணிமேகலை கூறுகின்றது. ஆடலாசிரியனும் இசையாசிரியனும் யாழாசிரியனும் குழலோனும் தண்ணுமை முழவோனும் எத்தகைய தகுதியுடையராய் இருத்தல் வேண்டும் என்பதைச் சிலப்பதிகாரத்தின் அரங்கேற்று காதை தனித்தனியே வரையறுத்துச் சொல்லுகின்றது. இத்துணைப் பழமை இருந்தும், இசைவிழா என்றவுடன் கற்றவர் பலர்க்குச் சென்னையின் மார்கழி மாதமே நினைவுக்கு வருகின்றது. 1927-இல் பேராயக் கட்சி மாநாட்டையொட்டிச் சென்னையில் கூடிய இசை மாநாட்டிலிருந்து பிறந்த வழக்கம் அது. இன்னும் நூறாண்டு நிரம்பாதது. ஊர்தோறும் தேர்த்தெருக்களில் பத்து நாளும் பன்னிரண்டு நாளும் நடந்துவரும் இசையை மட்டும் எவரும் இசைவிழா என்று எண்ணுவதில்லை. அங்கே நுழைவுச் சீட்டும் இல்லை. முன்வரிசை நாற்காலியும் இல்லை. அதனால்தான் போலும்!

சங்கரன்கோயிலின் ஆடித் தவசு அத்தகைய விழா. 2019-இல் திருநெல்வேலி மாவட்டத்தினின்றும் பிரிந்த தென்காசி மாவட்டத்தில், கரிசலும் செம்மண்ணும் கலந்த நிலத்தில் உள்ள ஊர் அது. விசைத்தறிக்கும் பூச்சந்தைக்கும் பெயர் பெற்றது. கோயிலில் கோமதியம்மனுக்குக் கொடி ஏறியது முதல் பன்னிரண்டு நாள் விழா. (ஆவுடையம்மை என்னும் அழகிய தமிழ்ப்பெயர் அவ்வம்மனுக்கு உண்டு, ‘ஆ’ என்பதைக் ‘கோ’ என்று மாற்றியதால் பெருகிய அருள் என்னவோ, மாற்றியவர்க்கே வெளிச்சம்.) ஒன்பதாம் நாள் தேர். பதினோராம் நாள் தவசுக் காட்சி. சிவனும் திருமாலும் ஓருருவாய்த் தோன்றும் அக்காட்சிக்காகச் சுற்றுப்புறத்துச் சிற்றூர்களெல்லாம் வந்து குவியும். உழவர் தம் நிலத்தில் விளைந்த பருத்தியையும் மிளகாயையும் பிறவற்றையும் கொண்டுவந்து இறைப்பர். கடவுட் கொள்கை உடையார்க்கு அது வழிபாடு. இல்லாதார்க்கும், உழைப்பவர் தம் உழைப்பின் பயனைத் தெருவில் தூவி மகிழும் காட்சி சிறியதன்று.

இவ்விழாவின் மேன்மை ஒரு நாள் வந்து போவார்க்கு விளங்காது. முதல் நாள் மாலையில் அம்மன் புறப்பாட்டின்போது நாகசுரத்தில் மல்லாரி தொடங்கும். பழைய நட்டபாடைப் பண்ணே இன்று கம்பீர நாட்டை என வழங்குவது. அதில் அமைந்த மல்லாரியைத் தவில் தாங்கிச் செல்லும்போது, தேரில்லாத நாளிலும் தேர் நகர்வது போன்ற நடை கேட்பவன் காலுக்கு வந்துவிடும். ஆனாலும் முதல் நாள் அவனுக்கு அது பேரொலியே. கடைத்தெருவைப் பார்ப்பான், உறவினரைத் தேடுவான். இரண்டாம் நாளும் அவ்வாறே. மூன்றாம் நான்காம் நாள்களில் ஏதோ ஒரு தெருமுனையில் ஊர்வலம் நின்று, நாகசுரக் கலைஞர் ஒருவர் ஆளத்தியை அவசரமின்றி விரிக்கத் தொடங்குவார். அங்கே அவனும் நிற்பான். அந்தப் பண்ணின் பெயர் அவனுக்குத் தெரியாது. பழம்பஞ்சுரம் என்றாலும் விளங்காது; சங்கராபரணம் என்றாலும் விளங்காது. ஆனால் முந்தைய நாள் கேட்ட நெளிவு இன்றும் வந்ததை அவன் செவி அறிந்துகொள்ளும். ஆறாம் நாள் அந்நெளிவுக்காகக் காத்திருப்பான்; அது வரத் தாழ்த்தால் ஏங்குவான். தறிக்கூடத்து வேலை முடிந்து, பஞ்சுத் துகள் ஒட்டிய தலையோடு நேரே தெருவுக்கு வரும் தொழிலாளி, எட்டாம் நாள் தவிலின் தீர்மானம் வந்து விழும் இடத்தில் பிழையின்றித் தலையசைப்பான். அவனுக்கு இதனைக் கற்பித்த ஆசிரியர் யார்? பன்னிரு நாள் என்னும் கால அளவுதான்.

இந்த ஊர் விழாவுக்கே உரிய இன்னொரு வழக்கம் ஆடிச் சுற்று. கொடியேறிய பின் கோயிலை நூறு சுற்றுக்கு மேலும் சுற்றி வருவதாக நேர்ந்துகொண்டவர் பலர். காலையும் மாலையுமாக அவர்கள் நடந்துகொண்டே இருப்பர். அவர்கள் நடையிற் கிழக்கே குறைந்து ஒலிக்கும் இசை வடக்கே பெருகும், மேற்கே மறையும், மீண்டும் வாயிலில் வந்து அணைக்கும். ஓரிடத்தில் அமர்ந்து கேட்கும் அவைக்கு இவ்வின்பம் வாய்ப்பதில்லை. தமிழிசை நடந்துகொண்டே கேட்கப்பட்ட இசை. நடக்கும் கால்களுக்காகவே அதன் தாள அமைதிகள் பல பிறந்தன.

இன்பம் இவ்வளவென்றால் துன்பமும் உண்டு. ஆடிக் காற்று கரிசல் மண்ணை வாரிக் கண்ணில் இறைக்கும். பாதம் கொப்புளிக்கும். வெளியூரார்க்குப் படுக்க இடமில்லை. திண்ணை கிடைத்தால் பேறு. பெண்கள் ஒதுங்குவதற்கு இடம் தேடி அலையும் இழிநிலை திருவிழா நடக்கும் ஊர்கள் பலவற்றில் இன்னும் தீர்ந்தபாடில்லை. விழாவுக்குப் பந்தல் போடுவோர் முதலில் எண்ண வேண்டியதும் கடைசியில் எண்ணுவதும் இதுதான். பதினோராம் நாள் நெருக்கத்தில் மூச்சு முட்டும். இசையென்று ஒன்று அன்று காதில் விழாது. விழ வேண்டும் என்று எவரும் எதிர்பார்ப்பதும் இல்லை. இவையெல்லாம் உடல் தாங்கும் துன்பங்கள். ஊர் திரும்பி இருநாள் உறங்கினால் மறந்துபோகும்.

மறக்கவொண்ணாத துன்பம் வேறு. அது செவியைப் பறிகொடுப்பது.

நாகசுரம் திறந்த வெளிக்கென்றே ஆக்கப்பட்ட கருவி. ஒரு தெருவில் ஊதினால் மூன்று தெருவுக்குக் கேட்கும். அதற்கு ஒலிபெருக்கி எதற்கு? ஆயினும் தென்மாவட்டத் திருவிழாக்களில் கம்பத்துக்குக் கம்பம் குழாய்களைக் கட்டி, விடியலிலேயே திரைப்பாட்டு மெட்டில் அமைந்த பத்திப் பாடல்களை முடுக்கிவிடுகின்றனர். அவ்விரைச்சலுக்கு நடுவே மாலையில் நாகசுரக் கலைஞர் வந்து நிற்கிறார். சீவாளியை நனைத்து, பொருத்தி, கருவியைப் பதப்படுத்தும் பொழுதைக்கூட அவர்க்கு எவரும் கொடுப்பதில்லை. இரவு 10 மணிக்கு மேல் ஒலிபெருக்கி கூடாதென்பது 2000-ஆம் ஆண்டு ஒலிமாசுக் கட்டுப்பாட்டு விதிகள். விழாக்காலங்களில் ஆண்டுக்கு 15 நாளுக்கு மிகாமல் நள்ளிரவு வரை மாநில அரசு விலக்களிக்கலாம் என்று அவ்விதியிலேயே ஒரு வாயிலும் வைத்தனர். அந்த வாயில் வழியாகத்தான் யானை நுழைந்தது.

கோயிலுக்கு உள்ளே நிலைமை இன்னும் கொடியது. பூசை வேளையில் முழங்க வேண்டிய தவிலுக்கு மாற்றாக, மின்விசையை அழுத்தினால் முரசும் மணியும் தாமே அடித்துக்கொள்ளும் பொறியொன்று பல கோயில்களில் வந்து நின்றுவிட்டது. அதற்குக் கூலி இல்லை. அதற்கு விளம்பம் தெரியாது, துரிதம் தெரியாது. எதிரே நிற்பவன் அழுகின்றானா மகிழ்கின்றானா என்பதும் தெரியாது. ஊர்வலத்திலோ செண்டை மேளம். செண்டை குறைந்த கருவி அன்று. பழஞ்சேரநாட்டார் பேணி வளர்த்த அரிய கலை அது. அதனை அவர்தம் பூரவிழாக்களில் கேட்பது செவிக்கு விருந்து. ஆனால் நையாண்டி மேளமும் உறுமியும் வில்லுப்பாட்டும் கணியான் கூத்தின் மகுடமும் பிறந்த நெல்லைச் சீமையில், அவற்றுக்குரியவரை வீட்டில் இருத்திவிட்டு, சட்டை நிறம் ஒன்றாய் இருப்பதற்காகவும் படம் பிடித்தால் அழகாய் இருப்பதற்காகவும் செண்டையை அழைப்பது செண்டைக்கும் பெருமையன்று. கைப்பேசியில் படம் பிடிப்பவன் எந்தக் கருவியையுமே கேட்பதில்லை என்பது வேறு.

இனி, மொழி. ‘கருவியிசைக்கு மொழி ஏது? நாகசுரம் தெலுங்கில் ஊதுகிறதா, தமிழில் ஊதுகிறதா?’ என்று கேட்பவர் உளர். கேள்வி நயமாய்த்தான் இருக்கின்றது. ஆனால் நாகசுரக் கலைஞர் பாட்டைச் சொல்லோடு கற்றே கருவியில் இறக்குகிறார். சொல் நிற்குமிடத்தில் மூச்சு நிற்கும். சொல் தொடங்குமிடத்தில் நாவின் தட்டு விழும். சொல்லை அறிந்தவன் கேட்கும்போது கருவியினின்று சொல்லே எழுந்து வருகின்றது. அறியாதவனுக்கு வெறும் ஓசை. தான் சொல்லை அறிந்த பாட்டு ஒன்று தெருவில் ஒலித்தால் கூட்டம் சேர்ந்து பாடும். அறியாததானால் கூட்டம் வேடிக்கை பார்க்கும். பாடுபவராய் இருந்த மக்களை வேடிக்கை பார்ப்பவராக்கியதே அயன்மொழிப் பாட்டு செய்த வேலை. தியாகராயர் தம் தாய்மொழியாகிய தெலுங்கில் பாடினார். அது அவர்க்குப் பெருமை. அவரைப் போற்றுவோர் அவரிடம் கற்றுக்கொண்டிருக்க வேண்டியது தத்தம் தாய்மொழியில் பாடுவதையன்றோ?

இதனை எடுத்துச் சொல்லவே ஒரு போராட்டம் வேண்டியிருந்தது. 1941-இல் அண்ணாமலை நகரில் தமிழிசை மாநாடு கூடியது. 1943-இல் சென்னையில் தமிழிசைச் சங்கம் எழுந்தது. அச்சங்கமும் மார்கழியில் பல நாள் விழாவை நடத்தி, மேடை முழுதும் தமிழ்ப்பாட்டாலேயே நிறையும் என்று காட்டியது. தமிழில் பாட்டுகள் போதா என்றும், இசையில் மொழிப்பற்றைப் புகுத்தலாகாது என்றும் சொல்லி எதிர்த்தவர்கள் சிறியவர் அல்லர். அந்நாளைய இசையுலகின் தலைவர்கள். தமிழ் நாட்டின் நடுவே, திருவையாற்றில், 1946-இல் தண்டபாணி தேசிகர் தமிழ்ப்பாட்டுப் பாடியதே பெரும் பூசலுக்குக் காரணமாயிற்று.

எதிர்த்தவர்க்கு விடை சங்கரன்கோயில் வட்டாரத்திலேயே அதற்கு முன்பே பிறந்திருந்தது. இன்றைய தென்காசி மாவட்டத்துச் சாம்பவர் வடகரையில் 1859-இல் தோன்றிய ஆபிரகாம் பண்டிதர், தஞ்சையில் மருத்துவம் செய்து ஈட்டிய பொருளை இசையாராய்ச்சியிற் கொட்டினார். தம் செலவில் இசை மாநாடுகள் கூட்டினார். 1916-இல் பரோடா மாநாட்டுக்குச் சென்று தம் முடிவுகளை எடுத்துரைத்தார். 1917-இல் கருணாமிர்த சாகரத்தை வெளியிட்டார். நூற்பெயர் வடமொழியாயினும் உள்ளீடு தமிழிசையின் உரிமை முறி.

அவரினும் நெருங்கியவர் சென்னிகுளம் அண்ணாமலை இரெட்டியார். சங்கரன்கோயிலுக்கு அண்மையிலுள்ள சென்னிகுளத்தில் பிறந்து, ஊற்றுமலைக் குறுநிலத் தலைவர் இருதயாலய மருதப்பரின் அவையில் வாழ்ந்து, இளமை கழியுமுன் 1891-இல் மறைந்தவர். கிழக்கே கழுகுமலை முருகன்மேல் அவர் பாடிய காவடிச்சிந்து, தோளில் காவடியோடு நடப்பவன் காலடியை அளந்து கட்டப்பட்டது. அடி நீண்டு செல்லும்போது மூச்சு விடவும், முடுகிச் செல்லும்போது துள்ளவும் அதில் இடம் இருக்கின்றது. இயைபு வந்து வந்து விழுவதால் எழுத்தறியாதவரும் ஒருமுறை கேட்டு மனத்தில் வைத்துக்கொள்வர். வடசொற்கலப்பு அதில் இல்லாமல் இல்லை. ஆனால் சந்தம் தமிழ், நடை தமிழ், அதைத் தூக்கி நடந்த தோள் தமிழ்த்தோள்.

இச்சிந்தைச் சென்னை இசையரங்குகள் எங்கே வைத்தன? இரண்டரை மணி நேரம் பிறமொழிப் பாட்டுகளைப் பாடி முடித்து, கேட்பவர் எழுந்து செல்லும் நேரத்தில் பாடும் சில்லறைகளுள் ஒன்றாக. அவற்றுக்கு அவர்கள் இட்ட பெயர் துக்கடா. துண்டு என்று பொருள். பாட்டின் தகுதியைப் பாட்டு நடக்கும் மொழியைக்கொண்டு அளந்தவர்களுக்கு வேறு பெயர் தோன்றியிராது. சென்னையை விடுக. சென்னிகுளத்துக்கு அண்டையிலேயே பன்னிரு நாள் விழா நடக்கின்றதே. அங்கே அச்சிந்து முதன்மை பெற வேண்டாவா?

செய்ய வேண்டுவது அரிதன்று. பன்னிரு நாளுள் நடுவில் ஒரு மாலை, ஐந்தாம் நாளோ ஆறாம் நாளோ, கூட்டம் மிகாமலும் செவி பழகியும் இருக்கும் பொழுது, தேர்த்தெரு நான்கிலும் குழாய்களையும் பொறிகளையும் அணைத்துவிட வேண்டும். நாகசுரமும் தவிலும் மட்டும் முன்செல்ல, காவடிச்சிந்து முழுவதும் பாடப்பெற வேண்டும். பாடுபவர் மேடைக் கலைஞராய் இருக்க வேண்டுவதில்லை. காவடியெடுத்துக் கழுகுமலைக்கு நடந்து பழகிய ஊர்க்காரர் போதும். பள்ளிப் பிள்ளைகளுக்கு ஒரு திங்கள் முன்னரே பாட்டைக் கற்பித்தால் தெருவே பாடும். அன்றைய மாலைக்குரிய கலைஞர்க்கு மூன்று மணி நேரமாவது தடையின்றி விட்டுவிட வேண்டும். ஊதி முடித்தவர்க்கு உட்கார இருக்கையும் சூடான உணவும், இரவே கையில் ஊதியமும் கொடுக்க வேண்டும். நின்றுகொண்டே ஊத வேண்டும், மேலாடையை இடுப்பில் கட்ட வேண்டும் என்ற பழைய இழிவுகளை எதிர்த்து நின்றவர் திருவாவடுதுறை இராசரத்தினம். அவர்தம் மாணவர் காருகுறிச்சி அருணாசலம் பிறந்தது இந்த நெல்லைச் சீமையில்தான். ஊதியத்துக்காக நள்ளிரவில் ஒரு கலைஞரைத் திண்ணையில் காக்கவைப்பதும் அவ்விழிவின் மிச்சமே.

மண்டகப்படிக்காரர்கள் ஒவ்வோராண்டும் கொடியேற்றத்துக்கு முன் செலவுக் கணக்குப் பார்க்கின்றனர். பந்தல், விளக்கு, வாணம், குழாய் என்று வரிசை எழுதும் தாளில் குழாய்க்கு நேரே உள்ள தொகையை அடித்துவிட்டு நாகசுரத்துக்கு நேரே எழுதச் சொல்ல, தமிழுணர்வுள்ள ஓர் இளைஞர் அக்கூட்டத்தில் அமர்ந்திருக்க வேண்டும். அடுத்த ஆடிக்கு முன் அந்த இளைஞரைச் சங்கரன்கோயிலில் தேடிப் பிடிப்பது அவ்வூர்த் தமிழன்பர்களின் பொறுப்பு.