உப்புக்காற்றும் மின்னியல் துறையும்

கொட்டிவாக்கத்துக் கடற்காற்றில் உப்புண்டு. பலகணிக் கம்பியை அரிக்கும் அவ்வுப்பு மின்கம்பத்தையும் விடுவதில்லை. கம்பியைத் தாங்கும் பீங்கான் காப்பான்மேல் அது நாள்தோறும் படிகின்றது. உலர்ந்திருக்கும்வரை தீங்கில்லை, வைகறைப் பனியில் நனைந்தவுடன் அப்படிவு மின்னைக் கடத்தத் தொடங்கும். கசியும் மின்னோட்டத்தின் சூட்டால் ஆங்காங்கே ஈரம் உலரும்; உலர்ந்த இடைவெளிகளில் பொறி பறக்கும்; முற்றினால் காப்பானின் மேற்பரப்பு முழுவதும் சுடர் பாய்ந்து மின்வழி அறும். பெருமழை உப்பைக் கழுவிவிடும், தூறல்தான் பொல்லாதது. கடலோரத்தில் பணியாற்றும் கம்பியாளர் இதனைப் பட்டறிவால் அறிவர், தமிழிலேயே சொல்வர்.

கிண்டிப் பொறியியற் கல்லூரியும் உயர் மின்னழுத்தப் பொறியியலைக் கற்பிக்கின்றது. 1794-இல் நில அளவைப் பள்ளியாய்த் தோன்றிய அக்கல்லூரியில் மின்னியல் 1930-இல் நுழைந்தது. ஆனால் அங்கு ஆய்வின் மொழி ஆங்கிலம். ஒருங்கியப் பொறியியலின் முதற்பாடமே பின்னூட்டம் அன்றோ? தன் விளைவை அளந்து மீண்டும் உள்வாங்காத ஒருங்கியம் தன் பிழையைத் தான் அறியாது. கம்பத்தினின்று கல்லூரிக்கு வரவேண்டிய செய்தியோ மொழிவேலியில் தடைப்பட்டு நிற்கின்றது.

சொல் இல்லை என்பார் இன்றும் உளர். மின்மாற்றி, மின்தேக்கி, மின்தடை, மின்னழுத்தம் என்பவற்றைச் சிற்றூர்ப் பள்ளிச் சிறுவனும் சொல்கின்றான். 19-ஆம் நூற்றாண்டிலேயே யாழ்ப்பாணத்து மானிப்பாயில் அமெரிக்கரான கிரீன் மருத்துவத்தைத் தமிழிற் கற்பித்தார். அயலார்க்கு இயன்றது நம்மவர்க்கு இயலாதாம்!

2010-இல் அண்ணா பல்கலைக்கழகம் கட்டடப் பொறியியலையும் எந்திரப் பொறியியலையும் தமிழ்வழியிற் கற்பிக்கத் தொடங்கியது. மின்னியல் அன்று சேர்க்கப்படவில்லை. தமிழ்வழிப் பயின்றோர்க்கு அரசுப்பணியில் 20 விழுக்காடு ஒதுக்கும் சட்டமும் அவ்வாண்டே வந்தது. மின்னியலில் தமிழ்வகுப்புத் திறக்கப்படாமையால் அவ்வொதுக்கீட்டின் கதவும் மின்பொறியாளர்க்கு அடைபட்டே நின்றது. சேர்க்கை குறைந்ததெனக் காட்டி, உறுப்புக் கல்லூரிகள் சிலவற்றில் தமிழ்வகுப்புகளை நிறுத்துவதாக 2023-இல் அறிவித்த பல்கலைக்கழகம், எதிர்ப்பு எழுந்தபின் அதனைக் கைவிட்டது. வேலை தருவோர் ஆங்கிலத்தில் வினவுவர் என்னும் அச்சமே சேர்க்கைக் குறைவின் வேர். அவ்வச்சம் பொய்யுமன்று, அதனைப் போக்காமல் மாணவரைக் குறைகூறுதல் முறையாகாது.

முழு வகுப்பிற்காகக் காத்திருக்கவும் வேண்டா. ஆய்வேடு தரும் ஒவ்வொருவரும் இருபது பக்கத் தமிழ்ச் சுருக்கம் ஒன்றும் தருதல் வேண்டும். கடலோரக் கம்பியாளரை ஆண்டுக்கொருமுறை வகுப்பிற்கு அழைத்து, அவர் கண்டதை மாணவர் தமிழில் எழுதிக்கொள்ளல் வேண்டும். எந்த வைகறையில், எத்தகைய பனியில், எந்தக் கம்பத்தில் பொறி பறந்தது என்பதை அவரன்றி வேறு எவர் சொல்வார்?