கட்டு போட்டால் மட்டும் போதுமா?

வட மாவட்டங்களில் எலும்பு முறிந்தால் புத்தூர் கட்டு. ஆஸ்பத்திரிக்குப் போனால் மாவுக்கட்டு. எதுவானாலும், கட்டு பிரித்த மறுநாளே ஜவ்வாது மலைப் பாட்டி விறகு பொறுக்கக் கிளம்பிவிடுவார். வாசலில் தடுக்கி விழுந்ததற்கே மணிக்கட்டு ஏன் முறிந்தது என்று ஒருவரும் கேட்பதில்லை.

கேட்டிருக்க வேண்டும். ஒருமுறை இப்படி முறிந்தவருக்கு மீண்டும் முறியும் வாய்ப்பு ஏறக்குறைய இரு மடங்கு. அடுத்தது இடுப்பெலும்பானால், படுக்கைப்புண், நிமோனியா என்று ஐந்தில் ஒருவராவது ஓராண்டுக்குள் இறந்துபோகிறார். அணைக்கட்டு அருகே அல்லேரியில், பாம்பு கடித்த குழந்தையைச் சாலை இல்லாமல் 2023-இல் பறிகொடுத்த மலை இது. இடுப்பொடிந்த மூதாட்டியை இறக்குவது எப்படி என்று சொல்லத் தேவையில்லை.

மலைக்குத் தோதான மருந்து இல்லாமலில்லை. எலும்பை வலுப்படுத்தும் வார மாத்திரையை வெறும் வயிற்றில் விழுங்கி, அரைமணி நேரம் படுக்காமல் இருக்க வேண்டும். பலர் பாதியில் விட்டுவிடுகிறார்கள். சோலெட்ரானிக் அமிலம் அப்படியல்ல. ஆண்டுக்கு ஒருமுறை, கால்மணி நேரம் நரம்பு வழியாக ஏற்றினால் போதும். இடுப்பு முறிந்தவர்களிடம் நடந்து 2007-இல் வெளியான ஆய்வில், இதனால் புதிய முறிவுகள் 35 சதவீதமும் இறப்புகள் 28 சதவீதமும் குறைந்தன. நியூசிலாந்தின் இயன் ரீட் குழு, எலும்பு ஓரளவு தேய்ந்த 2,000 மூதாட்டிகளுக்கு ஒன்றரை ஆண்டுக்கு ஒருமுறை கொடுத்தே நல்ல பலன் கண்டது (2018). ஆனால், ஏற்றுமுன் சிறுநீரகத்தைச் சோதித்து, கால்சியம், வைட்டமின் டி குறையைச் சரிசெய்தாக வேண்டும்.

எலும்பு அடர்த்தி அளக்கும் கருவிக்கு மலையில் எங்கே போவது என்பார்கள். காவலூரில் 2.34 மீட்டர் தொலைநோக்கியை ஏற்றிவைத்த மலைக்கு அது எட்டாததல்ல. ஆனாலும் அதற்காகக் காத்திருக்க வேண்டாம். லேசாக விழுந்து இடுப்போ முதுகெலும்போ முறிந்தால், எலும்பு தேய்ந்திருப்பதற்கு அதுவே சான்று. மற்றவர்களுக்கு, வயது, எடை, பழைய முறிவு ஆகியவற்றை வைத்தே அபாயத்தைக் கணிக்கும் ‘ஃபிராக்ஸ்’ 2008 முதல் இருக்கிறது.

சாமைக்குப் பேர்போன மலைதான். கால்சியத்துக்கோ கேழ்வரகே கைகொடுக்கும். ரேஷனில் அதையும் கொடுக்கலாம்.

2021-இல் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் சர்க்கரைக்கும் ரத்த அழுத்தத்துக்கும் வீடுவீடாகப் போகிறது. அதன் பதிவேட்டிலேயே ஐம்பது வயது கடந்தவர்களின் முறிவுகளையும் குறிக்க வேண்டும்; புத்தூர் கட்டு போட்டவர்களும் விடுபடக் கூடாது. பரிசோதனையும் ஊசியும் மலைமேல் உள்ள ஜமுனாமரத்தூரிலேயே கிடைக்க, மக்கள் நல்வாழ்வுத் துறை இந்த நிதியாண்டிலேயே உத்தரவிட வேண்டும்.