பொதுத்துறையும் நமது, நிலத்தடி நீரும் நமதே!

2013 ஜூலையில் வடசென்னையின் தண்டையார்பேட்டையில் ஆழ்துளைக் கிணறுகளிலிருந்து தண்ணீரோடு எரிபொருளும் மேலே வந்தது. துறைமுகத்திலிருந்து எரிபொருள் கொண்டுவரும் பாரத் பெட்ரோலிய நிறுவனத்தின் பழைய நிலத்தடிக் குழாயில் ஏற்பட்ட கசிவே அதற்குக் காரணம். உழைக்கும் மக்கள் நெருங்கி வாழும் தெருக்களில் குடிநீருக்கு லாரியை எதிர்பார்த்து நிற்கும் நிலை உருவானது. பிரச்சினை தேசிய பசுமைத் தீர்ப்பாயம் வரை சென்றது.

மண்ணுக்குள் இறங்கிய பெட்ரோலின் ஒரு பகுதி நிலத்தடி நீரின் மேல் மிதக்கும். அதை உறிஞ்சி எடுத்துவிடலாம். பெட்ரோலில் கலக்கப்படும் சேர்மப் பொருட்களை அகற்றுவதே கடினம். ஈயம் கலந்த பெட்ரோல் 2000ஆம் ஆண்டில் இந்தியாவில் கைவிடப்பட்டது. ஈயத்தின் இடத்தை உலகெங்கும் நிரப்பியவற்றுள் ஒன்று எம்டிபிஇ என்னும் வேதிப்பொருள். அது நீரில் எளிதில் கரையும், மண்ணில் ஒட்டாது, மெதுவாகவே சிதையும். எனவே கசிந்த இடத்தைத் தாண்டி நீரோட்டத்துடன் வெகுதூரம் பரவும். மிகச் சிறிதளவு கலந்தாலும் தண்ணீரின் சுவையும் மணமும் கெட்டுவிடும். நீரை வெளியேற்றி, காற்றைச் செலுத்தி, கரி வடிகட்டிகளிலும் நுண்ணுயிர்களைக் கொண்டும் ஆண்டுக்கணக்கில் தூய்மைப்படுத்த வேண்டியிருக்கும்.

அமெரிக்காவின் சாண்டா மோனிகா நகரம் 1996இல் தன் குடிநீரில் ஏறத்தாழப் பாதியை வழங்கிவந்த கிணறுகளை இதனால் மூடியது. எண்ணெய் நிறுவனங்கள் மீது வழக்குத் தொடுத்துப் பணம் பெற்றே சுத்திகரிப்பு நிலையத்தை அமைத்தது. கிணறுகள் மீண்டும் பயன்பாட்டுக்கு வர ஏறத்தாழ 15 ஆண்டுகள் ஆயின. கலிஃபோர்னியா மாநிலம் 2004 முதல் இப்பொருளையே தடைசெய்தது.

மும்பைக்கு இது தொலைதூரச் செய்தியன்று. செம்பூரை அடுத்த மாஹுலில் சுத்திகரிப்பு ஆலைகளும் ரசாயனக் கிடங்குகளும் குடியிருப்புகளோடு ஒட்டி நிற்கின்றன. அங்கு காற்றை மாசுபடுத்தியதற்காக நான்கு நிறுவனங்கள் சுமார் 286 கோடி ரூபாய் செலுத்த வேண்டும் எனப் பசுமைத் தீர்ப்பாயம் 2020 ஆகஸ்டில் உத்தரவிட்டது. காற்றுக்குக் கணக்கு கேட்கப்பட்டது; மண்ணுக்கடியில் உள்ள நீருக்கு யார் கணக்கு கேட்பது? 2025 ஏப்ரலில் தண்ணீர் லாரிகள் நின்றபோது, இம்மாநகரம் கிணற்று நீரை எந்த அளவு நம்பியிருக்கிறது என்பது அனைவருக்கும் தெரிந்தது.

அந்த நான்கு நிறுவனங்களில் இரண்டு பொதுத்துறையைச் சேர்ந்தவை. பாரத் பெட்ரோலியத்தை விற்க ஒன்றிய அரசு 2019இல் எடுத்த முடிவைத் தொழிலாளர்களும் இடதுசாரிகளும் எதிர்த்தனர். 2022இல் அந்த விற்பனை கைவிடப்பட்டது. பொதுத்துறையைக் காக்கும் போராட்டம் சரியானது, அது தொடரும். ஆனால் பொதுத்துறை என்பதற்காக அதன் குழாய்க் கசிவைக் கண்டும் காணாமல் இருப்பது அந்தப் போராட்டத்தையே பலவீனப்படுத்தும். கிணறு கெட்டுப்போன குடும்பத்திடம் சென்று, இந்நிறுவனம் மக்களின் சொத்து என்று எவ்வாறு சொல்ல முடியும்? தனியார்மயமும் இதற்குத் தீர்வாகாது. லாபமே குறிக்கோளான முதலாளி பழைய குழாயை மாற்றுவதற்கு முன்வர மாட்டார்.

எனவே கோரிக்கைகள் தெளிவானவை. நிலத்தடி எரிபொருள் குழாய்கள், பெட்ரோல் பங்குகளின் தொட்டிகள் ஆகியவற்றின் வயதும் சோதனை முடிவுகளும் வெளியிடப்பட வேண்டும். அவற்றைச் சுற்றியுள்ள கிணறுகளில் எம்டிபிஇ, பென்சீன் ஆகியவை முறையாகச் சோதிக்கப்பட வேண்டும். தூய்மைப்படுத்தும் செலவையும், அதுவரை மாற்றுக் குடிநீர் வழங்கும் செலவையும் மாசுபடுத்திய நிறுவனமே ஏற்க வேண்டும். கசிவை முதலில் அறிபவர்கள் ஆலைத் தொழிலாளர்கள். அதை வெளிப்படுத்துவோருக்குப் பாதுகாப்பு வேண்டும்.

முலுண்ட் முதல் மாஹுல் வரை, ஒவ்வொரு கிளையும் தன் பகுதியின் கிணறுகளைக் கணக்கெடுத்து, இக்கோரிக்கைகளோடு மக்களையும் ஆலைத் தொழிலாளர்களையும் ஒரே மேடையில் திரட்ட வேண்டும்.