இரக்கம் வேறு, தளர்ந்த சட்டம் வேறு



பலெர்மோவில் நம்மவர் பலர் முதியோரையும் நோயாளரையும் பராமரித்து வாழ்கின்றனர். தாதியராகப் பதிவு பெறுவதற்காக ஆண்டுக்கணக்கில் மொழி கற்று, சான்றிதழ்களை மொழிபெயர்த்துக் காத்திருப்போரும் அவர்களுள் உளர். எனவே, தகுதியைப் பற்றிப் பொய்யுரைப்போருக்குத் தண்டனையைத் தளர்த்துவது இரக்கம் என்று எவரேனும் கூறினால், அதை நாம் ஐயத்தோடு கேட்க வேண்டும்.

இத்தாலி ஒருமுறை அவ்வழியில் சென்றது. 2016 சனவரி 15ஆம் திகதிய 7ஆம் இலக்கச் சட்டம், தனியார் ஆவணத்தைப் போலியாகப் புனைவதைக் குற்றவியல் கோவையிலிருந்து நீக்கியது. முன்னர் அதற்கு ஆறு மாதம் முதல் மூன்று ஆண்டு வரை சிறை. இன்றோ 200 முதல் 12,000 யூரோ வரை தண்டப்பணம். அதுவும் பாதிக்கப்பட்டவர் வழக்குத் தொடுத்து நட்டஈடு பெற்றால் மட்டுமே. நீதிமன்றங்களின் சுமை குறைய வேண்டும் என்னும் நோக்கம் நன்றே. ஆனால் எண்ணிப் பாருங்கள்: தாம் ஒருநாளும் பணியாற்றாத தனியார் மருத்துவமனையின் பெயரில் ஒருவர் சேவைக் கடிதம் புனைந்து வேலை பெறுகிறார். அப்போலிக் கடிதத்துக்காக அவர்மீது யார் வழக்குத் தொடுப்பார்? படுக்கையை விட்டு எழ இயலாத 80 வயது மூதாட்டியா?

அரசுக்கு அளிக்கும் உறுதிமொழியில் இதே நாடு வேறு நெறியைக் காத்தது. 445/2000 ஆணையின்படி, பல விடயங்களில் நம் கையொப்பமே சான்றாகும். அதில் பொய்யுரைப்பது குற்றமென்று 76ஆம் உறுப்புரை கூறுகிறது. தொழில் அனுமதி பெறுவதற்காகப் பொய்யுரைத்தால், பாரதூரமான நிலையில் நீதிபதி அத்தொழிலையே தற்காலிகமாகத் தடைசெய்யலாம். 2020இல், பெருந்தொற்றின் நடுவே, நடைமுறைகளை எளிதாக்கிய 34ஆம் இலக்க ஆணை, அத்தண்டனையை மூன்றிலொரு பங்கு முதல் அரைப்பங்கு வரை உயர்த்தியது. தகுதியின்றித் தொழில் புரிவோருக்கு முன்னர் ஆறு மாதம் வரை சிறை அல்லது 103 முதல் 516 யூரோ வரை தண்டம் மட்டுமே இருந்தது. 2018இன் 3ஆம் இலக்கச் சட்டம் அதை மூன்று ஆண்டு வரை சிறையும் 50,000 யூரோ வரை தண்டமுமாக்கியது.

இதில் ஒரு நியாயம் உண்டு. சொல்லை நம்பிக் கதவைத் திறக்கும் நாடு, பொய்ச்சொல்லுக்குக் கனம் குறைக்கலாகாது. ஒருவரின் போலிச் சான்று வெளிப்பட்டால், நேர்மையாகக் காத்திருக்கும் நூறு பேரின் கோப்புகளும் ஐயத்தோடு புரட்டப்படும்.

தவறுதலாக எழுதிய திகதியும் தரகரால் ஏமாற்றப்பட்டவரின் கண்ணீரும் திட்டமிட்ட பொய்க்கு நிகரல்ல. அவர்களுக்குத் திருத்திக்கொள்ளும் வழி வேண்டும். சக்கேயு மன்னிப்புப் பெற்றார். ஆயினும் ஏமாற்றியதை நான்கு மடங்காகத் திருப்பித் தர முன்வந்தார். இரக்கம் என்பது அதுவே.

ஆதலால், உங்கள் விண்ணப்பத்தில் பிழை ஏதேனும் இருப்பின், அதிகாரி கண்டறியுமுன் நீங்களே திருத்துங்கள். தனியே செல்லத் தயங்கினால் என்னிடம் வாருங்கள், உடன் வருகிறேன்.