கல்லறைப் பாம்பு என்று கூப்பிடாதீர்கள்

தம்பி, தங்கச்சிமாரே, 2022-இல் எக்குவடோர் நாட்டின் அண்டீஸ் மலைப்பகுதியில் மூன்று புதிய பாம்பு இனங்களை விஞ்ஞானிகள் அறிவித்தார்கள். அதில் ஒன்று அமலூசா என்ற ஊரின் சேமக்காலையில் கிடைத்தது. அவ்வளவுதான்! செய்திகள் அதைப் பேய்ப்படம் மாதிரி ஆக்கிவிட்டன. நான் படத்தைக் குடும்ப வாட்ஸ்அப்பில் போட்டேன். பெரியப்பா கேட்டது ஒரே கேள்வி: "அடிச்சுப் போட்டாங்களோ?"

எனக்குக் கோபம்தான் வந்தது. ஏன் தெரியுமா?

அந்தப் பாம்பின் பெயர் அட்ராக்டஸ் டிஸ்கவரி. அட்ராக்டஸ் பேரினத்தில் 140-க்கும் மேற்பட்ட இனங்கள் இருக்கின்றன. ஆனாலும் நமக்கு ஒன்றுகூடத் தெரியாது, ஏனென்றால் அவை மண்ணுக்குள்ளும் சருகுக்குள்ளும் ஒளிந்து வாழ்பவை. முக்கியச் சாப்பாடு மண்புழு. மனிதரைக் கொல்லும் நஞ்சும் கிடையாது.

பிறகு ஏன் சேமக்காலைக்கு வந்தன? அவை வாழ்ந்த காட்டில் பெரும்பகுதியை மனிதர்கள் அழித்துவிட்டார்கள். ஒதுங்க இடமில்லாமல் நம் பக்கத்தில் வந்தால், கண்டதும் அடிக்கிறார்கள். வீட்டைப் பறித்தது நாம், பயங்கரமான பெயர் மட்டும் அதற்கா?

"பாம்பென்றால் படையும் நடுங்கும்" என்பீர்கள். நடுங்குங்கள், தப்பில்லை. எக்குவடோரில் நஞ்சுப் பாம்புகளும் உண்டு. தோட்டத்தில் வேலை செய்கிறவரின் பயத்தை நான் கேலி செய்யமாட்டேன். ஆனால் பயந்தால் விலகிப் போகவேண்டும். கல்லோடு கிட்டப் போனால் ஆபத்து கூடுமே தவிரக் குறையாது.

இன்னொரு புதிய இனம் கிடைத்த ஊர் எல் சாக்கோ. 2013-இல் அங்கே வந்த ஓர் ஆசிரியர், கத்தியாலும் கல்லாலும் கொல்லப்பட்ட பாம்புகளைத் தெருவில் நிறையக் கண்டார். அவர் அவற்றை வீசவில்லை. சாராயம் நிரப்பிய போத்தல்களில் பத்திரப்படுத்தினார். அவைதான் பிறகு புதிய இனத்தை விவரிக்க விஞ்ஞானிகளுக்கு உதவின. அதோடு, பாம்புகள் ஏன் முக்கியம் என்று பிள்ளைகளிடம் வருடக்கணக்காகப் பேசினார். இப்போது அந்தப் பிள்ளைகளும் பெற்றோரும் பயத்தோடேயே பாம்புகளைக் காப்பாற்றுகிறார்கள்.

அமலூசாவிலும் விஞ்ஞானிகள் தேடிப்போனது ஒரு தேரையை. சேமக்காலையில் வித்தியாசமான பாம்புகள் திரிவதைச் சொன்னது ஊர்ச்சனம். அடித்துவிட்டுப் பேசாமல் இருந்திருந்தால், அப்படி ஓர் இனம் இருப்பதே நமக்குத் தெரிந்திருக்காது.

ஆகவே யாராவது "அடி!" என்று கத்தினால், "முதலில் அது என்ன பாம்பு?" என்று கேளுங்கள். பெரியவர்களிடமும் கேளுங்கள், மரியாதையாக.

அந்த ஆசிரியரின் கதையைப் பெரியப்பாவுக்கு அனுப்பிவிட்டேன். இரண்டு நீலக் கோடு விழுந்துவிட்டது, பதில்தான் இன்னும் வரவில்லை.