மஞ்சள் எங்கே போகிறது?

நமது விருத்தாசலத்தில் பீங்கான் தொழில் நடக்கும் இடங்களில், பெரிய இரும்புப் பீப்பாய் ஒன்று ஓயாமல் சுழல்வதை நேயர்களிற் சிலர் கண்டிருக்கலாம். அதற்குப் 'பால் மில்' என்று பெயர். பாலுக்கும் அதற்கும் யாதொரு சம்பந்தமும் இல்லை. உள்ளே உருண்டைக் கற்களும், தண்ணீரும், அரைபட வேண்டிய பொருள்களும் கிடந்து புரளுகின்றன. கல்லாகச் சென்றது குழம்பாக வெளிவருகிறது. இப்படி மணிக்கணக்காக அரைப்பானேன் என்று நம் மாணாக்கர்கள் கேட்பதுண்டு. பொருள் சிறுக்கச் சிறுக்க அதன் மேற்பரப்பு பெருகும். மேற்பரப்பு பெருகினால் சூளையில் ஒரு துகள் மற்றொன்றோடு எளிதிற் கூடும்.

கணக்காகவே பார்த்துவிடலாம். பக்கத்துக்கு ஒரு சென்டிமீட்டர் உள்ள கட்டிக்கு மேற்பரப்பு 6 சதுர சென்டிமீட்டர். அதையே 100 நானோமீட்டர் கட்டிகளாக நறுக்க முடியுமானால் மொத்தம் 60 சதுர மீட்டர். ஒரு சிறு குடும்பத்தின் வீட்டுத் தரை அவ்வளவுதான்! நானோமீட்டர் என்பது மீட்டரில் நூறு கோடியில் ஒரு பங்கு. நமது பால் மில் அவ்வளவு தூரம் போகாது.

இதே கணக்கை இன்றைய விஞ்ஞானிகள் அடுப்பங்கரை மஞ்சளுக்குப் போட்டுப் பார்க்கிறார்கள். பிராணவாயு பட்டு இரும்பு துருப்பிடிக்கிறது, எண்ணெய் காறுகிறது. அதையொத்த கேடு உடலின் உயிரணுக்களிலும் நடைபெறுகிறது. அதைத் தடுக்க வல்ல பொருள்களுக்கு ஆன்டி ஆக்ஸிடன்ட் என்று பெயர். மஞ்சளில் நூற்றுக்கு மூன்று பங்கு அளவில் உள்ள குர்குமின் அத்தகையது. சோதனைக் குழாயில் அது வெகு சமர்த்து. வயிற்றுக்குள் போனால்தான் சங்கடம். தண்ணீரில் அது கரைவதில்லை. குடற் சுவரைத் தாண்டுவதும் சொற்பம். தாண்டியதையும் குடலும் ஈரலும் உருமாற்றி வெளியே அனுப்பிவிடுகின்றன. 1998-ல் பெங்களூர் செயின்ட் ஜான்ஸ் மருத்துவக் கல்லூரியைச் சேர்ந்த ஆராய்ச்சியாளர்கள் மனிதர்களுக்கு 2 கிராம் குர்குமின் கொடுத்துப் பார்த்தபோது, இரத்தத்தில் அது அகப்பட்டதென்றே சொல்வதற்கில்லை. மிளகிலுள்ள பைப்பெரின் 20 மில்லிகிராம் சேர்த்துக் கொடுத்தார்கள். உட்சென்ற அளவு சுமார் 20 மடங்கு பெருகிற்று. மிளகு ரசத்தில் மஞ்சள் போட்ட நம் பாட்டிமார் இதை அறிந்தே போட்டார்கள் என்று நாம் சாதிக்கப் போவதில்லை.

2007-ல் வேறொரு உபாயம் பிரசுரமாயிற்று. அமெரிக்காவின் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் சர்வகலாசாலையாரும் டில்லி சர்வகலாசாலையாரும் கூடி, குர்குமினைச் சுமார் 50 நானோமீட்டர் அளவுள்ள உறைகளுக்குள் அடைத்தார்கள். கொழுக்கட்டைக்குள் பூரணம் போல என்று கொள்ளலாம். உறையின் உட்புறம் எண்ணெய்ச் சுபாவம் உள்ளது. ஆகவே குர்குமின் அங்கே தங்கும். வெளிப்புறம் தண்ணீரோடு உறவாடும். அழகான வேலை, சந்தேகமில்லை. ஆனால் அங்கே குர்குமினின் வலிமையைச் சோதித்தது ஆய்வுக்கூடத்தில் வளர்த்த கணையப் புற்றணுக்களின்மேல், நோயாளிகளிடம் அல்ல.

இந்த வித்தியாசத்தை நம் தேசத்தார் மறக்கலாகாது. 1995-ல் மஞ்சள் புண்ணை ஆற்றும் என்பதற்கு அமெரிக்காவில் காப்புரிமை வழங்கிவிட்டார்கள். நமது விஞ்ஞான, தொழில் ஆராய்ச்சிக் குழுவினர் பழைய நூல்களைச் சான்றாக வைத்து வாதாடினார்கள். 1997-ல் அது ரத்தாயிற்று. சான்று காட்டி வென்ற நாம், மஞ்சளின் பெயரால் விற்கும் மாத்திரைக்கும் சான்று கேட்பதுதானே முறை?

கேட்பதற்கு அவசியமும் இருக்கிறது. உள்ளே அதிகம் போகாததே இத்தனை காலம் மஞ்சளுக்கு ஒரு வேலியாக இருந்தது. வேலியை எடுத்தால் நன்மை மட்டுந்தான் நுழையும் என்பது என்ன நிச்சயம்? 2019-ல் இத்தாலியில் மஞ்சள் மாத்திரை உண்ட சிலருக்கு ஈரல் அழற்சி கண்டது. 2022-ல் அமெரிக்க மருத்துவர்கள் அவ்விதமான பத்துப் பேரைப் பற்றி எழுதினார்கள். ஒருவர் மாண்டு போனார். சோதித்த ஏழு மாத்திரைகளில் மூன்றில் மிளகுச் சத்தும் இருந்தது. இவை கோடிக்கணக்கானவர் உண்பதில் அபூர்வமே. குழம்பில் போடும் மஞ்சளைக் கண்டு யாரும் மிரள வேண்டியதில்லை. ஈரல் நோயுள்ளவர்களும், இரத்தம் உறையாதிருக்க மருந்து உண்பவர்களும் மாத்திரையாக வாங்குமுன் வைத்தியரைக் கேட்பது நலம்.

அண்மையில் ஒரு கடையில் 'நானோ மஞ்சள்' டப்பா ஒன்றைக் காட்டி, துகளின் அளவு எத்தனை நானோமீட்டர், எத்தனை பேரிடம் சோதித்தது என்று விசாரித்தோம். பின்பக்கம் பாருங்கள் ஸார் என்றார் கடைக்காரர். பார்த்தோம். பச்சைப் பசேலென்று ஒரு மஞ்சள் வயலின் படம் போட்டிருந்தது.