‘நோட்டீஸ் கொடுத்தாச்சே’ என்கிறது நகராட்சி... நமக்கு ஏன் தெரியவில்லை? அம்பத்தூர், ஆவடி, பூந்தமல்லி மக்கள் கவனிக்க வேண்டியவை

காலையில் கதவைத் திறந்தால் தெருமுனையில் ஜேசிபி நிற்கிறது. “நோட்டீஸ் எல்லாம் எப்பவோ கொடுத்தாச்சே சார்” என்கிறார் வந்தவர். “எப்ப கொடுத்தீங்க? யார்கிட்ட கொடுத்தீங்க?” என்று கேட்கிறார் வீட்டுக்காரர். சென்னையின் மேற்குப் புறநகரில் வசிப்பவர்களுக்கு இது பழகிப்போன வாக்குவாதம்தான். இதில் இரண்டு பேர் சொல்வதும் உண்மையாக இருக்கலாம் என்பதுதான் சிக்கலே.

அது எப்படி?

‘வெளியிட்டாச்சு’ வேறு, ‘தெரிஞ்சுது’ வேறு

பொது அறிவிப்பைப் பொறுத்தவரை, சட்டம் பெரும்பாலும் ஒன்றைத்தான் பார்க்கிறது. அறிவிப்பு முறைப்படி வெளியிடப்பட்டதா? அரசிதழில் வந்தது, நாளிதழில் விளம்பரம் வந்தது, அலுவலகப் பலகையில் ஒட்டப்பட்டது என்றால் கணக்கு முடிந்தது. அதை எத்தனை பேர் படித்தார்கள் என்று யாரும் எண்ணுவதில்லை. ஆனால் ஆட்சேபனை தெரிவிப்பதற்கான நாட்கள், வெளியான தேதியிலிருந்தே ஓட ஆரம்பித்துவிடும்.

உதாரணத்துக்கு, மத்திய அரசின் 2013 நிலம் எடுப்புச் சட்டத்தில் முதல்நிலை அறிவிப்பு வந்த 60 நாட்களுக்குள் ஆட்சேபனை தெரிவிக்க வேண்டும். மாநிலத்தின் தனிச் சட்டங்கள்படி எடுத்தால் இந்தக் கணக்கு மாறும். கோயம்பேட்டிலிருந்து ஆவடி வழியாகப் பட்டாபிராம் வரை மெட்ரோ, பூந்தமல்லியிலிருந்து பரந்தூர் வரை மெட்ரோ என்று திட்டங்கள் வரிசையில் நிற்கும் பகுதி இது. அறிவிப்பு எங்கே வரும் என்று தெரிந்து வைத்திருப்பது இங்கே சாதாரண விஷயமில்லை.

பக்கத்துப் பக்கத்து ஊர், மூன்று அலுவலகம்

அம்பத்தூர் 2011ல் சென்னை மாநகராட்சியோடு இணைந்தது. இப்போது அது 7வது மண்டலம். ஆவடி 2019ல் தனி மாநகராட்சி ஆனது. பூந்தமல்லி ஒரு நகராட்சி. அதைத் தாண்டினால் நசரத்பேட்டை போன்ற கிராம ஊராட்சிகள். ஆக, சில கிலோமீட்டர் தூரத்துக்குள் இணையதளம் வேறு, அறிவிப்புப் பலகை வேறு, புகார் எண் வேறு.

இதனால் என்ன குழப்பம் வரும்? 2022 ஏப்ரலில் அறிவிக்கப்பட்ட சொத்து வரி உயர்வை எடுத்துக்கொள்ளுங்கள். ‘சொத்து வரி 150 சதவீதம் உயர்வு’ என்ற தலைப்புதான் எல்லார் செல்போனிலும் சுற்றியது. ஆனால் அந்த 150 சதவீதம், பழைய சென்னை மாநகராட்சிப் பகுதியில் 1,800 சதுர அடிக்கு மேல் உள்ள வீடுகளுக்கானது. 2011ல் இணைந்த அம்பத்தூர் போன்ற பகுதிகளுக்கு 600 சதுர அடி வரை 25 சதவீதம், 601 முதல் 1,200 வரை 50 சதவீதம், 1,201 முதல் 1,800 வரை 75 சதவீதம், அதற்கு மேல் 100 சதவீதம். ஆவடி போன்ற மற்ற மாநகராட்சிகளுக்கும் நகராட்சிகளுக்கும் இதே விகிதம்தான்.

அதாவது, 1,000 சதுர அடி வீடு வைத்திருக்கும் அம்பத்தூர்க்காரருக்கு உயர்வு 50 சதவீதம். இது அறிவிப்பில் இருந்தது. ஆனால் ‘உங்க வீட்டுக்கு இவ்வளவு’ என்று புரியும்படி அவரிடம் போய்ச் சேர்ந்ததா என்பதுதான் கேள்வி. சென்னை மாநகராட்சி ஆட்சேபனை தெரிவிக்க 30 நாள் அவகாசமும் கொடுத்தது. தனக்கு எவ்வளவு உயர்கிறது என்றே தெரியாதவர் எதை வைத்து ஆட்சேபனை எழுதுவார்?

தண்டோரா போனது, என்ன வந்தது?

முன்பெல்லாம் ஊரில் தண்டோரா போடுவார்கள். பேப்பர் வாங்காதவர், படிக்கத் தெரியாதவர் காதிலும் செய்தி விழும். ஆனால் பறை அடித்துச் சொல்லும் அந்த வேலை குறிப்பிட்ட சாதியினர் தலையிலேயே சுமத்தப்பட்டு வந்தது. தண்டோரா இனி தேவையில்லை, வாகனங்களில் ஒலிபெருக்கி வைத்துச் சொல்லுங்கள் என்று 2022 ஆகஸ்டில் அப்போதைய தலைமைச் செயலாளர் வெ.இறையன்பு மாவட்ட ஆட்சியர்களுக்குக் கடிதம் எழுதினார். அது நியாயமான முடிவு.

மைக் கட்டிய ஆட்டோ அந்த இடத்தை ஓரளவு நிரப்புகிறது. ஆனால் அது மெயின் ரோட்டில் போகும்போது நான்காவது மாடியில் இருப்பவருக்கு என்ன கேட்கும்? பகல் ஷிஃப்டுக்கு எஸ்டேட் போனவருக்கு எப்படித் தெரியும்? மிச்சம் வாட்ஸ்அப் குரூப்தான். அதில் உண்மையான அறிவிப்பும் வதந்தியும் ஒரே வேகத்தில் வருகின்றன.

நேரத்துக்குச் சொன்னால் உயிர் மிஞ்சும்

வரி அறிவிப்பு தாமதமாகத் தெரிந்தால் பணம் போகும். வெள்ள அறிவிப்பு தாமதமானால் உயிரே போகும். பூந்தமல்லியை அடுத்துள்ள செம்பரம்பாக்கம் ஏரியிலிருந்து 2015 டிசம்பர் 1 இரவில் விநாடிக்கு 29,000 கன அடி வரை தண்ணீர் திறக்கப்பட்டது. அடையாறு கரையோர மக்கள் பலருக்கு வீட்டுக்குள் வந்த தண்ணீர்தான் முதல் அறிவிப்பு. இந்த வெள்ளத்தை மனிதத் தவறால் வந்த பேரிடர் என்று 2018ல் வெளியான தணிக்கைத் துறை அறிக்கை சொன்னது.

ஐந்து வருடம் கழித்து நிவர் புயல். 2020 நவம்பர் 25 அன்று பகல் 12 மணிக்கு ஏரி திறக்கப்படும், முதலில் 1,000 கன அடி வரும் என்று முன்கூட்டியே சொன்னார்கள். சிறுகளத்தூர், குன்றத்தூர், திருமுடிவாக்கம், திருநீர்மலை என்று ஊர் பெயரோடு எச்சரிக்கை வந்தது. எத்தனை மணிக்கு, எவ்வளவு தண்ணீர், எந்த ஊருக்கு. நல்ல அறிவிப்புக்கு இந்த மூன்றும் போதும்.

கிராமத்தில் இருக்கும் வசதி நகரத்தில் ஏன் இல்லை?

கிராம ஊராட்சியில் ஜனவரி 26, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2 என்றால் கிராம சபை என்று எல்லாருக்கும் தெரியும். யாரும் வந்து சொல்ல வேண்டியதில்லை, தேதியே அறிவிப்பு. நகரத்தில் இதற்கு இணையாக ஏரியா சபைகள் 2022 நவம்பர் 1ல் தொடங்கின. வார்டைச் சில பகுதிகளாகப் பிரித்து, அந்தப் பகுதி வாக்காளர்கள் எல்லாரையும் உறுப்பினர்களாகக் கொண்ட அமைப்பு இது. ஆனால் உங்கள் ஏரியா சபை கடைசியாக எப்போது நடந்தது என்று பக்கத்து வீட்டில் கேட்டுப் பாருங்கள். ‘அப்படி ஒண்ணு இருக்கா?’ என்று திருப்பிக் கேட்டால் ஆச்சரியப்படாதீர்கள்.

இதில் வாடகைக்கு இருப்பவர்கள் நிலைமை இன்னும் மோசம். வரி நோட்டீஸ் வீட்டு ஓனருக்குப் போகும். ஓட்டு சொந்த ஊரில் இருக்கும். தெருவில் தண்ணீர் தேங்கினால் மட்டும் முதலில் நனைவது அவர்கள்தான்.

நீங்க என்ன செய்யலாம்?

* உங்கள் வார்டு எண்ணையும், வீடு எந்த உள்ளாட்சியில் வருகிறது என்பதையும் உறுதி செய்துகொள்ளுங்கள். அம்பத்தூர் மண்டலம் என்றால் புகாருக்கு 1913.
* ‘நோட்டீஸ் கொடுத்தாச்சு’ என்று சொன்னால் தேதி, எண், எங்கே வெளியானது என்ற மூன்றையும் கேளுங்கள். நகலும் கேட்கலாம்.
* தகவல் அறியும் உரிமைச் சட்டம் 2005, பிரிவு 4ஐ நினைவில் வையுங்கள். மக்களைப் பாதிக்கும் முக்கிய முடிவுகளை எடுக்கும்போது, அது தொடர்பான விவரங்களை அரசு அலுவலகம் தானாகவே வெளியிட வேண்டும். உள்ளூர் மொழியையும், எளிதில் சென்றடையும் வழியையும் கணக்கில் எடுத்துக்கொள்ள வேண்டும் என்றும் அதே பிரிவு சொல்கிறது.
* மழைக்காலத்துக்கு மாநிலப் பேரிடர் மேலாண்மை ஆணையத்தின் ‘டிஎன் அலர்ட்’ செயலியை வைத்திருங்கள். வாட்ஸ்அப்பில் வரும் ஏரி செய்தியை அதில் சரிபார்த்துவிட்டு ஃபார்வர்டு செய்யுங்கள்.
* அடுத்த ஏரியா சபை எப்போது என்று கவுன்சிலரிடம் இப்பவே கேளுங்கள். தேதி தெரிந்ததும் தெருவில் நாலு பேருக்குச் சொல்லுங்கள், வாடகைக்கு இருப்பவர்களுக்கும் சேர்த்து.